ஹர்ராவின் அந்நியக் கற்கள்

அரபு அகராதிகளில் 'ஹர்ரா' என்னும் சொல்லைத் தேடினால், நெருப்பில் சுட்டெடுத்தாற்போன்ற கருங்கற்கள் பரந்து கிடக்கும் நிலம் என்று பொருள் எழுதியிருப்பார்கள். அந்நிலத்துக்கே 'லாபா' என்று மற்றொரு பெயரும் உண்டு. மதீனா மாநகர் இத்தகைய இரண்டு லாபாக்களுக்கு நடுவே அமைந்தது. கிழக்கே ஹர்ரத்து வாகிம். மேற்கே ஹர்ரத்துல் வபரா. நபிமொழி நூல்களை ஓதத் தொடங்கும் மாணவன், மதீனாவின் புனித எல்லையைக் கூறும் பாடத்திலேயே இச்சொல்லைச் சந்தித்துவிடுகின்றான். ஹிஜ்ரி 63இல் நிகழ்ந்த துயரப் போருக்குப் பெயர் தந்ததும் இந்நிலமே. மதரஸாக்களில் 'கருங்கல் பூமி' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் செல்வது வழக்கம். பாடத்துக்கு அது போதும்.

ஆர்வமிக்க மாணவர் ஒருவர் ஒருநாள், "லாபா என்ற சொல்லிலிருந்துதானே லாவா வந்திருக்க வேண்டும், ஹஜ்ரத்?" என்று வினவினார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் லாவா என்பது இத்தாலியச் சொல். வெசூவியஸ் மலையின் நெருப்பொழுக்குக்கு நேப்பிள்ஸ் நகரத்தார் வழங்கிய பெயர். அதன் வேரை மொழியறிஞர்கள் இலத்தீனில் காண்கின்றனர். ஒலி ஒத்திருக்கின்றது என்பதனால் உறவு பேசிவிடலாகாது. உலகில் உள்ள அனைத்தையும் நம் வீட்டுக் கொல்லையிலேயே கண்டெடுத்துவிட வேண்டும் என்னும் ஆசை இப்போது நம்மவரிடையே சற்று மிகுந்து வருகின்றது. அதனை நான் ஊக்குவிப்பதில்லை.

ஹிஜ்ரி 654ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1256இல், ஜுமாதல் ஆகிரா மாதத்தின் தொடக்கத்தில் மதீனாவில் நிலம் நடுங்கிற்று. சில நாட்கள் தொடர்ந்து அதிர்ந்த பின்னர், நகருக்குத் தென்கிழக்கே ஹர்ராவில் பூமி பிளந்து நெருப்பு எழுந்தது. 52 நாட்கள் அது ஓயவில்லை. உருகிய பாறை ஆறாகப் பெருகி, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவு ஓடி, நகருக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவில் வந்து நின்றது. மதீனாவாசிகள் எழுதிய கடிதங்கள் திமிஷ்கை அடைந்தன. அங்கு வாழ்ந்த வரலாற்றாசிரியர் அபூ ஷாமா அவற்றைத் தம் நூலில் சேர்த்து வைத்தார். இமாம் நவவீ (ரஹ்) அந்நாளில் அதே நகரில் கல்வி பயின்றுகொண்டிருந்த இளைஞர். பிற்காலத்தில் ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை வரைந்தபோது, ஹிஜாஸ் மண்ணில் எழும் நெருப்பைப் பற்றிய நபிமொழியின் கீழ், தம் காலத்தில் நிகழ்ந்த இதனைக் குறிப்பிட்டார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து மதீனாவின் வரலாற்றை எழுதிய ஸம்ஹூதியும் இதனை விரித்துரைத்தார்.

அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். நடுக்கத்தையும் இரைச்சலையும் இரவைப் பகலாக்கிய ஒளியையும் பதிவு செய்தார்கள். நெருப்பாறு எங்கிருந்து புறப்பட்டது, அதன் பாதை எத்துணை ஆழம் உடையது என்பதைக் காண அவர்களுக்கு வழியில்லை. சொல்லப்போனால் நமக்கும் நேர்வழி இல்லை. மனிதன் பூமியில் துளைத்த துளைகளில் மிக ஆழமானது, ருஷ்யாவின் வடகோடியில் கோலா தீபகற்பத்தில் தோண்டப்பட்டது. 1970இல் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டு உழைத்து அடைந்த ஆழம் 12,262 மீட்டர். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். தர்பூசணிப் பழத்தின் தோலில் நகத்தால் கீறியதைப் போன்றதுதான் அது. அதற்குக் கீழே உள்ளதை அறிய நிலநடுக்க அலைகள் உதவுகின்றன. அவை பாறையின் கடினத்தைச் சொல்லும், பாறையைக் கையில் கொணர்ந்து தரமாட்டா. கையில் தரக்கூடியது பெரும்பாலும் எரிமலைதான். அதுவும் எல்லா எரிமலையும் தருவதில்லை.

2014ஆம் ஆண்டு உம்ராவுக்குச் சென்றிருந்தபோது, தாயிஃப் நகரில் பணிபுரியும் என் தங்கை மகன், "மாமா, நீங்கள் பாடத்தில் சொல்லும் ஹர்ராவை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்று வற்புறுத்தி, வாடகை வண்டியில் என்னை ஹர்ரத்து கிஷ்புக்கு அழைத்துச் சென்றான். தாயிஃபிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வண்டியோட்டி ஐம்பதைக் கடந்த ஒரு பதூவியர். செங்கடல் பக்கத்து ஈஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர். நான் பேசிய இலக்கண அரபியைக் கேட்டு அவர் முதலில் புன்னகைத்தார். பின்னர் வெள்ளிக்கிழமைக் குத்பா கேட்பவரைப்போல் மரியாதையுடன் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

கிஷ்பின் மேற்கு விளிம்பில் வஹ்பா என்னும் பெரும்பள்ளம் இருக்கின்றது. இரண்டு கிலோமீட்டர் அகலம். 250 மீட்டர் ஆழம். அடியில் வெள்ளை உப்புப் படலம். விண்கல் விழுந்த குழி என்று முன்னர் சிலர் கருதினர். மேலேறி வந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததனால் உண்டான பள்ளம் அது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அதனைப் பார்த்துவிட்டு, அப்பால் கருங்குவியலாய் நின்ற ஒரு சிறு குன்றின் அடிவாரத்தில் இறங்கினோம். காலடியில் எங்கும் கரிந்த கற்கள். அவற்றுள் ஒன்று உடைந்து கிடந்தது. புறம் கருப்பு, உள்ளே பச்சை. நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சைத் துண்டு, கருங்கல்லுக்குள் பதித்து வைத்தாற்போல் இருந்தது. கூர்ந்து நோக்கினால் அது ஒரே பச்சையன்று. சர்க்கரைப் பாகில் உருண்டை பிடித்த பொரிபோல், சிறு மணிகள் நெருங்கி அமைந்த ஒரு தனிப்பாறை.

எடுத்து வரலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ஹரமின் மண்ணையும் கல்லையும் எல்லைக்கு வெளியே கொண்டு செல்வதை இமாம் நவவீ தடுத்திருக்கின்றார்கள். கிஷ்ப் ஹரமின் எல்லைக்கு வெகு தொலைவில் உள்ளது என்பதனால் அச்சட்டம் இங்கு எழவில்லை. அன்றிலிருந்து அக்கல் என் மேசைமேல் இருக்கின்றது.

இத்தகைய கல்லுக்கு நிலவியலார் கிரேக்க மொழியில் பெயரிட்டிருக்கின்றனர். 'அந்நியக் கல்' என்பது அதன் பொருள். எனக்கு அரபியில் 'கரீப்' என்ற சொல்லே நாவில் வருகின்றது. வெளியூரான், துணையற்றவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஹதீஸ் கலையில் அது ஒரு கலைச்சொல்லுமாகும்: ஏதேனும் ஒரு தலைமுறையில் ஒரே ஒருவர் வாயிலாக மட்டும் வந்த செய்தியைக் கரீப் என்பர். கரீப் என்பதனாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடுவதில்லை. அறிவித்தவர் நம்பத்தக்கவரா, வழியில் எங்கேனும் மாற்றம் நேர்ந்ததா என்று கூடுதலாக ஆராய வேண்டும் என்பதே முறை. இந்தக் கற்களை நிலவியலார் நடத்தும் விதத்தை அறிந்தபோது, அஸ்காலனியின் நூலைக் கையில் வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் எவ்வாறு நடத்துவாரோ அவ்வாறே இருக்கக் கண்டேன். இரு கலைகளும் ஒன்று என்று நான் கூற வரவில்லை. சாட்சியைத் துருவும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

என்னிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய ஒருவர் இப்போது ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கின்றார். அவரிடம் கல்லைக் காட்டினேன். அனுமதி கேட்டு அதன் ஓரத்தில் ஒரு சீவலை அறுத்தெடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நான் பார்த்தபோது வண்ணக் கண்ணாடி பதித்த சாளரம் போல் தோன்றிற்று. "இதிலே பெரும்பகுதி ஒலிவின், ஹஜ்ரத். நகைக்காரர்கள் விரும்பும் தெளிவான மணியாக இருந்தால் அரபியில் ஸபர்ஜத் என்பீர்களே, அதுதான்" என்றார். பழைய நூல்களில் ஸுமுர்ருத், ஸபர்ஜத் என்னும் இரு சொற்களும் ஒன்றோடொன்று மயங்கி நிற்பதுண்டு. இன்றைய வழக்கில் மரகதம் வேறு, இது வேறு. எகிப்துக் கரைக்கு அப்பால் செங்கடலில் ஸபர்ஜத் என்னும் பெயரிலேயே ஒரு தீவு இருக்கின்றது. பூமியின் அடிப்பாறை அங்கே எரிமலையின் துணையின்றிக் கடல் பிளந்தபோது மேலே தள்ளப்பட்டுக் கிடக்கின்றது. என் கல்லிலும் அவ்வடிப்பாறையே. ஒலிவினோடு இரண்டு வகைப் பைராக்சீன், ஆங்காங்கே காப்பிக்கொட்டை நிறத்தில் ஸ்பினல். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் என்னும் பகுதி பெரிதும் இப்பொருள்களால் ஆனது.

லாவாவே குளிரும்போது இந்தப் பச்சை மணிகளை ஈன்றிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சிலவற்றை அவ்வாறும் ஈனும் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் லாவாவில் பிறந்த மணிகள் தனித்தனியே ஒழுங்கான முகங்களோடு வளரும். இவை ஒன்றையொன்று நெருக்கி, நெடுங்காலம் அழுத்தப்பட்டு, உள்ளே வளைந்து முறுகிய தடங்களோடு இருக்கின்றன. திரவத்தில் பிறந்த எதற்கும் அத்தகைய தழும்பு இராது. முன்னரே திடப்பாறையாக இருந்து, பாறைக்குழம்பு கடந்து சென்றபோது உடைந்து அதனுள் விழுந்தது என்பதற்கு அத்தழும்புகளே அடையாளம்.

எவ்வளவு ஆழத்தில் உடைந்தது? இதற்குக் கல்லே விடை வைத்திருக்கின்றது. ஒரே வேதியியல் சேர்க்கை கொண்ட கவசப்பாறை, குறைந்த அழுத்தத்தில் பிளாஜியோகிளேஸ் என்னும் கனிமத்தை உடையதாயிருக்கும்; ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குக் கீழே அதன் இடத்தை ஸ்பினல் பெறும்; 75, 80 கிலோமீட்டர் அளவில் ஸ்பினலும் விலகிக் கார்னெட் வந்து அமரும். ஆய்வுக்கூடங்களில் பாறைத்தூளை நசுக்கிச் சூடேற்றி இவ்வெல்லைகளை அளந்திருக்கின்றனர். அரபு நாட்டு ஹர்ராக்களில் கிட்டும் கவசக் கற்கள் பெரும்பாலும் ஸ்பினல் உடையவை. எனவே அவை 30 கிலோமீட்டருக்குக் கீழே, 80க்கு மேலே உள்ள ஓர் அடுக்கிலிருந்து பறித்து வரப்பட்டவை.

இன்னொரு வழியும் இருக்கின்றது. அதனை நான் மிகவும் விரும்பிப் பார்த்தேன். ஒலிவின் மணிகளுக்குள் மயிரிழையினும் நுண்ணிய குமிழிகள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றுள் இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. 1965இல் எட்வின் ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் உலகின் பல எரிமலைகளின் பச்சைக் கற்களை ஆராய்ந்து, இக்குமிழிகளில் அவ்வாயு திரவமாகும் அளவுக்கு நெருக்குண்டு கிடப்பதைக் காட்டினார். 31 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் கரியமில வாயுவில் திரவம் வேறு, ஆவி வேறு என்ற பிரிவு இராது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நண்பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே அம்மாணவர் என்னை மார்கழி மாதத்தில், சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு வரச் சொன்னார். குமிழுக்குள் ஒரு சிறு கோடு தெரிந்தது; ஒரு பக்கம் திரவம், மறுபக்கம் ஆவி. நுண்ணோக்கியின் விளக்குச் சூடு ஏற ஏறக் கோடு நகர்ந்து, பின்னர் இல்லாமற்போயிற்று. எத்தனை பாகையில் அது மறைகின்றது என்று அளந்தால் வாயுவின் அடர்த்தி தெரியும். அடர்த்தியிலிருந்து, அது அடைபட்டபோது இருந்த அழுத்தத்தையும், அதிலிருந்து ஆழத்தையும் கணித்துவிடலாம். வரும் வழியில் மணி விரிசல்கண்டு கொஞ்சம் வாயு கசிந்திருக்கவும் கூடும். ஆகையால் குமிழ் கூறும் ஆழத்தை, 'இதற்குக் குறையாது' என்ற அளவில்தான் ஏற்கின்றனர். நம் முஹத்திஸ்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

அடுத்தது வெப்பம். கல்லிலுள்ள இரண்டு பைராக்சீன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சுண்ணாம்புச் சத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்பங்கீடு வெப்பத்துக்குத் தக்கபடி மாறும். மேற்கு அரபு நாட்டுக் கற்களில் அதனை அளந்தால் ஆயிரம் பாகையை ஒட்டிய வெப்பம் கிடைக்கின்றது. அரபு நாட்டின் மேற்குப் பகுதி மிகப் பழைய பாறைக் கேடயம். அதன் மேற்பரப்பில் பூமிக்குள்ளிருந்து கசியும் வெப்பமோ மிகக் குறைவு. மேலே குளிர்ந்த வீடு. நிலவறையில் கொதிக்கும் அடுப்பு. கற்கள் மட்டும் இல்லாதிருந்தால், மேற்பரப்பை அளந்தவர்கள் அடியிலும் குளிர்தான் என்று எண்ணியிருக்கக்கூடும். கல்லும் நிலநடுக்க அலையும் ஒன்றுபோல் கூறுவதனால், அடியில் வெப்பம் அண்மையில் வந்து சேர்ந்தது, அது இன்னும் மேலே வந்து எட்டவில்லை என்று முடிவு செய்திருக்கின்றனர். பாறை வழியே வெப்பம் ஊர்ந்து மேலேற கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். செங்கடல் பிளந்து விரியத் தொடங்கி மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகவில்லை.

இதுவரை கூறியது எரிமலைக்குக் கீழே உள்ள பூமியைப் பற்றி. எரிமலையின் சொந்த உள்ளமைப்பையும் இக்கற்கள் காட்டிக்கொடுப்பதுண்டு. அதற்கு நல்ல சான்று பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில் இருக்கின்றது. அங்கே ஹுவாலாலய் என்னும் மலை 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் பொங்கி வழிந்தது. அந்த லாவா ஓட்டங்களில் ஒன்றில் அந்நியக் கற்கள் கூடை கூடையாகக் கொட்டியதுபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகுதியானவை கவசத்துப் பாறைகளல்ல. அந்த மலையே முன்னொரு காலத்தில் தன் வயிற்றில் தேக்கி வைத்திருந்த குழம்பிலிருந்து கனமான மணிகள் அடியில் படிந்து இறுகிய வண்டல். மலையின் வயிற்றில் ஓர் அறை இருந்தது என்பதற்கும், அதன் அடியில் எது எதன்மேல் படிந்தது என்பதற்கும் அவை சாட்சி.

டேவிட் கிளேக் என்னும் அறிஞர் 1987இல் ஹவாயின் எரிமலைகள் அனைத்தையும் இவ்வகையில் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வயதின் முழுவீச்சில் உள்ள எரிமலை கவசக் கல்லை வெளியே தருவதில்லை. வயது முதிர்ந்து நெடுங்காலம் உறங்கிப் பின் கொஞ்சமாக விழித்தெழும் எரிமலையோ தருகின்றது. காரணம் அறைதான். எங்கள் பள்ளிவாசல் ஹவுளுக்கு வாய்க்கால் வழி நீர் வந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். வாய்க்கால் நீர் மணலோடும் கூழாங்கல்லோடும் வரும்; ஹவுளில் விழுந்து நின்றதும் மணல் அடியில் தங்கிவிடும்; மறுபுறம் வழிவது தெளிந்த நீர். எரிமலையின் வயிற்றறையும் அத்தகைய ஹவுளே. அது நிறைந்திருக்கும் காலத்தில், ஆழத்திலிருந்து வரும் கனத்த கற்கள் அதில் மூழ்கிவிடும். அறை குளிர்ந்து கல்லாய் மூடிய பின்னர் வரும் குழம்பு எங்கும் தங்காமல் நேரே ஏறுகின்றது. கல்லும் கூடவே வந்துவிடுகின்றது. ஆகவே கல் இருப்பது ஒரு செய்தி. கல் இல்லாதிருப்பதும் ஒரு செய்தி.

இத்தாலியின் வெசூவியஸ் வேறொன்றைக் கக்குகின்றது: வெந்த சுண்ணாம்புக்கல். அம்மலையின் அறை பழைய கடலடிச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே இருக்கின்றது என்பதை அதனால் அறிந்தனர். நெருப்பில் சுண்ணாம்புக்கல் வெந்தால் கரியமில வாயு பிரியும் என்பது காளவாய் வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. மலையின் வயிற்றில் அது நிகழ்ந்தால் வெடிப்பின் கொடுமைக்கு அதுவும் துணைசெய்யும்.

2011 அக்டோபரில் ஸ்பெயினுக்கு உரிய கனரித் தீவுகளுள் ஒன்றான எல் ஹியெர்ரோவின் தென்கரைக்கு அப்பால், கடலடியில் எரிமலை வெடித்தபோது நிகழ்ந்ததையும் கூறாமலிருக்க முடியவில்லை. கடல்மேல் கற்கள் மிதந்தன. புறத்தே கருப்பு லாவா. உள்ளே பஞ்சுபோல் நுரைத்த வெண்கல். முதலில் பலவாறு விவாதித்தனர். பின்னர் அவ்வெண்கல்லுக்குள் கடல்வாழ் நுண்ணுயிர்களின் சுண்ணாம்புச் சில்லுகள் தென்பட்டன. தீவு தோன்றுமுன் அவ்விடத்தில் கடலடியில் படிந்திருந்த சேறு அது; எரிமலை தன் பாதையில் அதனைக் கிள்ளி எடுத்து வந்திருக்கின்றது. அச்சில்லுகளுள் இளையவற்றின் வயது ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டு. அந்நாள் வரையில் அங்கே தீவின்றிக் கடலே இருந்திருக்க வேண்டும். தீவின் அடித்தளம் எதன்மேல் கட்டப்பட்டது, எப்போது கட்டப்பட்டது என்னும் இரண்டையும் விரல்நுனி தொடாத நுண்சில்லுகள் கூறிவிட்டன.

இச்சாட்சிகளுக்கும் குறை உண்டு. பாறைக்குழம்பு தான் சென்ற வழியில் எளிதில் உடைந்ததைத்தான் எடுக்கும். விரைவில் உருகக்கூடியது வழியிலேயே கரைந்துபோகும். மிகப் பெரியது மூழ்கிவிடும். வந்து சேர்ந்தவற்றைக் கொண்டு, வராதவை இல்லை என்று தீர்ப்பளிக்கலாகாது. கிஷ்பின் கல் கிஷ்பின் பாதைக்கு மட்டுமே சாட்சி. அதனைக் கொண்டு மதீனாவின் ஹர்ராவுக்கு அடியில் இன்னது உள்ளது என்று சாதிக்க முடியாது. அதற்கு அங்குள்ள பாறைகளையே ஆராய வேண்டும். ஸவூதி நிலவியல் துறையினர் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து அதனைச் செய்தும் இருக்கின்றனர்.

கிஷ்பிலிருந்து திரும்பும் வழியில் அந்த வண்டியோட்டி தம் கதையைக் கூறினார். 2009 ஏப்ரலில் அவர் ஊரை ஒட்டிய ஹர்ரத்து லுனைய்யிரில் நிலம் நடுங்கத் தொடங்கிற்று. மூன்று மாதங்களுக்குள் 30,000க்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. மே 19ஆம் நாள் 5.4 அளவில் ஒன்று வந்தது; பாலைநிலத்தில் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு கண்டது. அரசு ஏறத்தாழ 40,000 மக்களை வெளியேற்றியது. அவர் தம் வயது முதிர்ந்த தாயாரையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கின்றார். தாயார் வர மறுத்தாராம், தூக்கித்தான் ஏற்றினாராம். "யா ஷெய்க், நூல்கள் ஓதியவர் நீங்கள். நிலம் நடுங்கியதற்கும் நெருப்பு எழுவதற்கும் இடையே எத்தனை நாள் கிடைக்கும் என்று அவற்றில் எழுதியிருக்கின்றதா?" என்று கேட்டார்.

ஹிஜ்ரி 654இல் கிடைத்தது சில நாட்கள் என்றேன். என் மடியில் கிடந்த கல்லுக்கும் அக்கேள்வியில் பங்கு உண்டு என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். கவசக்கல் லாவாவைவிடக் கனமானது. லாவாவின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு என்றால் இதனுடையது 3.3 மடங்கு. குழம்பு மெல்ல ஏறினால் கல் கீழே அமிழ்ந்துவிடும். அமிழாமல் வந்தது என்றால், அமிழும் வேகத்தைவிட ஏறும் வேகம் மிகுதி. கல்லின் பருமனைக் கொண்டு அந்த வேகத்தின் கீழெல்லையைக் கணிக்கலாம். மணிகளின் ஓரத்தைக் கொண்டும் கணிக்கலாம்: லாவா பட்ட இடத்தில் ஒலிவினின் விளிம்பில் இரும்புச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறும்; ஊறிய பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம் அது குழம்பில் கிடந்தது. இரு கணக்குகளும் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரை என்றே கூறுகின்றன. நொடிக்கு அரை மீட்டர் ஏறினால்கூட 50 கிலோமீட்டரை 28 மணி நேரத்தில் கடந்துவிடும். கல்லைச் சுமந்து வரும் குழம்பு அவ்வளவு அவசரக்காரன். அப்படிப்பட்ட இடத்தில் முதல் நடுக்கத்திலேயே தாயைத் தூக்கி வண்டியில் ஏற்றியது சரியான செயல் என்று, இன்று அவரைக் கண்டால் நான் சொல்வேன்.

லுனைய்யிரில் அவ்வாண்டு நெருப்பு எழவில்லை. ஏறி வந்த குழம்பு மேற்பரப்புக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் வந்து நின்றுவிட்டது என்று பின்னர் கணித்தனர். சில மாதங்களில் மக்கள் வீடு திரும்பினர். விட்டுச்சென்ற ஆடுகளுள் பாதிக்கு மேல் தாமாகவே கிணற்றடிக்கு வந்து நின்றன என்று வண்டியோட்டி கூறினார். அந்தக் குழம்பு கீழேயிருந்து பச்சைக் கற்களைச் சுமந்து வந்திருந்தால், அவை இன்னும் ஈஸ் ஊருக்கு அடியில்தான் கிடக்கின்றன.